கடல் உறையாத ஊரில்

எந்தக் கட்டடத்தின் மூலையையும் அவர் சுவரை ஒட்டித் திரும்பியதில்லை. நடைபாதையிலிருந்து இறங்கி, தெருவின் நடுப்பக்கமாக அகலமாக ஒரு வளைவு போட்டு, மூலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகே மறுபடி நடைபாதைக்கு ஏறுவார். சூப்பர் மார்க்கெட்டில் ரொட்டி வரிசையிலிருந்து பால் வரிசைக்குத் திரும்பும்போதும் இதே வளைவுதான். தள்ளுவண்டி யார் மேலாவது இடிக்கும். சிரித்துக்கொண்டே மன்னிப்புக் கேட்பார். அடுத்த மூலையில் மறுபடி அதே வளைவு.

டயரி எழுதுவதில் எனக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. நானே பார்த்ததை நீல மையிலும், பிறர் சொல்லிக் கேட்டதைக் கறுப்பு மையிலும் எழுதுவேன். அவரைப் பற்றிய பக்கங்களில் கறுப்பே அதிகம். அவர் சொன்ன வடக்கு நிலத்தை நான் பார்த்ததில்லை, இனிப் பார்க்கப் போவதுமில்லை. அதைக் கேட்டு எனக்கு வந்த பயம் மட்டும் நீல மை.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் ஆக்லாந்து நகரத்தில், மாசி என்ற புறநகரில், ஒரு சரிவில் இருந்த வீட்டின் மேல்பகுதியில் குடியிருந்தோம். நான், மனைவி விமலா, எட்டு வயது மகள் நித்யா. கீழ்ப்பகுதியில் அவர் தனியாக இருந்தார்; அக்கா என்றுதான் கூப்பிடுவோம். இரண்டு பகுதிக்கும் முன்கதவு ஒன்றுதான். அதைத் திறந்தால் சின்னக் கூடம்; இடப்பக்கம் அவருடைய கதவு, எதிரே எங்களுக்கு ஏறும் படி. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். முதியோர் இல்லம் ஒன்றில் காலை ஷிப்ட் நர்ஸ். நாங்கள் திருச்சிக்காரர்கள். அவர் 'கதைப்பம் வாங்கோ' என்பார், நாங்கள் 'பேசலாம்க்கா' என்போம். நித்யா இருவருக்கும் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள்.

நானும் விமலாவும் வேலைக்குப் போனதால், பள்ளிவிட்டு வரும் நித்யாவை அவர்தான் பார்த்துக்கொண்டார். வேறு யாரும் எங்களுக்கு இல்லை. அவர் இல்லையென்றால் விமலா வேலையை விட வேண்டியதுதான்.

யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டவர் கனடாவுக்குப் போய், அங்கிருந்து அந்நாட்டின் வட ஓரத்துக் கடற்கரைக் குடியிருப்பு ஒன்றுக்கு நர்ஸாகப் போயிருந்தார். யாரும் போக விரும்பாத இடம் என்பதால் உடனே வேலை கிடைத்ததாம். பள்ளிப் புவியியலில் தூந்திரா என்று நான் ஒரு பத்தி படித்து மதிப்பெண் வாங்கிய இடத்தில் அவர் சில வருடங்கள் வாழ்ந்திருந்தார்.

நித்யாவுக்குத் தலை பின்னிவிடும்போது அதைப் பற்றிச் சொல்வார். நான் வேலையிலிருந்து வந்து, மகளைக் கூப்பிட நின்றபடி கேட்டுக்கொண்டிருப்பேன்.

"அங்கையும் காடு இருக்குது, குஞ்சு. ஆனா கணுக்காலுக்குக் கீழ. மரம் மேல வளர்ந்தாக் காத்து முறிச்சுப்போடும். அதாலை நிலத்தோடை படுத்துக்கொண்டு வளரும். நாங்கள் காட்டுக்கு மேலதான் நடக்கிறது."

நித்யா ஆங்கிலத்தில் கேட்டாள், அப்படியானால் புலி எங்கே ஒளியும் என்று.

"ஒளிய ஏலாது. ஆரும் ஒளிய ஏலாது. அதுதான் பயம்."

கோடை முடியும்போது நிலம் முழுவதும் சிவக்கும் என்பார். மண்ணுக்கடியில் இரண்டு முழம் தோண்டினால் எப்போதும் உறைந்தே இருக்கும். அதனால் வீடுகளுக்குக் கால் வைத்துக் கட்டியிருப்பார்கள். பனிக்கு அடியில் சுண்டெலி போன்ற லெம்மிங் வளை போட்டு ஓடும். அதன் ஓட்டத்தை வெள்ளை ஆந்தை ஒன்று பட்டப்பகலில் கல் மேல் உட்கார்ந்து காதால் கேட்டுக்கொண்டிருக்கும். மூடுபனியில் கலைமான் கூட்டம் கடந்து போனால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அவற்றின் கால் தசைநார் எலும்பில் உரசி எழுப்பும் 'டிக் டிக்' சத்தம் மட்டும் நாலு பக்கமும் கேட்கும். யாரோ ஆயிரம் பேர் விரல் சொடுக்குவது போல. அவர் தன் விரலைச் சொடுக்கிக் காட்டுவார். நித்யாவின் தோள் சுருங்கும்.

"வெள்ளை நரியைக் கண்டா வடிவு எண்டு பாத்துக்கொண்டு நிக்கக்கூடாது. அதுக்குப் பின்னால பாக்கோணும். அது கரடி விட்ட மிச்சத்தைத் தின்னத்தான் பின்னால திரியிறது."

அந்த வெள்ளைக் கரடியைப் பற்றி அவர் நேராகப் பேசமாட்டார். இப்படி எதன் பின்னாலாவது வரும். கடல் உறைந்தால் கரடிகள் சீல் என்ற கடல்நாய்களைப் பிடிக்கப் பனிக்கட்டி மேல் போய்விடும். உறைவதற்கு முந்தைய வாரங்களில்தான் பசியோடு கரையில் காத்திருக்கும். ஊருக்குள் வரும். பாதம் முழுக்க மயிர் என்பதால் காலடிச் சத்தமே இருக்காது. அந்த வாரங்களில் ஊரில் எந்த வீட்டுக் கதவும் பூட்டப்படாது, வண்டிக் கதவும் அப்படியே. தெருவில் கரடி வந்தால் யாரும் எந்த வீட்டுக்குள்ளும் ஓடி நுழையலாம்.

"ஊரே கடலைப் பாத்துக்கொண்டு இருக்கும், தம்பி, எப்ப உறையும் எண்டு. உறைஞ்ச அண்டைக்குத்தான் மூச்சு விடுவம்." பின்னலை முடித்து ரப்பர் வளையத்தைப் போட்டார். "இங்கை கடல் உறையாது."

கேட்டபோது அதை ஒரு தகவலாகத்தான் எடுத்துக்கொண்டேன். மாடிக்கு ஏறும்போது பாதிப் படியில் நின்றுவிட்டேன். உறையாத கடலின் பக்கத்தில் குடியிருக்கும் ஒருவருக்கு மூச்சு விடும் நாள் எப்போது வரும்?

ஒரு குளிர்காலக் காலையில் மாசிக்கு அப்பால் இருந்த தோட்டம் ஒன்றில் காய்கறி வாங்க அவரையும் அழைத்துப் போனோம். மேய்ச்சல் நிலமெங்கும் மூடுபனி. விமலா பூசணிக்காயைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நித்யா வேலியருகே நின்றாள். பனிக்குள்ளிருந்து வெள்ளையாக ஏதோ அசைந்தது. அவ்வளவுதான். அவர் நித்யாவின் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் போட்டார். இரண்டு கையையும் தலைக்கு மேலே உயர்த்தினார். தாழ்ந்த குரலில், நிறுத்தாமல், "நாங்கள் போறம், நாங்கள் போறம், நீ அங்கையே நில்" என்று சொல்லிக்கொண்டே பின்பக்கமாக அடி வைத்தார். நானும் என்னை அறியாமல் பின்னால் நகர்ந்தேன்.

வந்தது ஒரு வெள்ளைக் குதிரை. வேலிக்கு மேல் கழுத்தை நீட்டி எங்களைப் பார்த்தது.

"குதிரைக்கா," என்றாள் விமலா, சிரிக்கப் பார்த்து.

"ஓம், குதிரை. தெரியுது." அவர் கையை இறக்கவில்லை. "அதுக்குப் பின்னால?"

அதற்குப் பின்னால் பனி மட்டும்தான். நாங்கள் எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு காருக்குப் பின்வாங்கினோம். பூசணிக்காய் வாங்கவில்லை.

அந்த மாதத்திலேயே நித்யாவின் ஆசிரியை என்னை அழைத்தார். மகள் வகுப்பறைக் கட்டடத்தின் மூலைகளில் வரிசையை விட்டு விலகி வளைந்து நடக்கிறாள், மற்ற பிள்ளைகள் கேலி செய்கிறார்கள், வீட்டில் ஏதாவது சிரமமா என்று கேட்டார். வீட்டுக்கு வந்து சொன்னேன்.

விமலா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். "நம்ம பொண்ணைப் பயந்தாங்கொள்ளி ஆக்கிட்டு இருக்காங்க. நாளைக்கு இவ பால்கனியில நின்னு கரடி தேடுவா. நான் வேலையை விட்டுடட்டுமா, சொல்லுங்க."

"அவசரப்படாதே."

"சரி, அது போகட்டும். கதவு? நேத்தும் நான் வரும்போது திறந்தே கிடந்துது. நம்ம வீட்டுல தங்கம் இருக்கும்னு இந்த ஊர்த் திருடனுக்கெல்லாம் தெரியும். நித்யா உள்ள இருக்கா."

எங்கள் தெருவில் அந்தக் குளிர்காலத்தில் வீடுகள் உடைக்கப்பட்டுக்கொண்டிருந்தன. ஆகவே சனிக்கிழமை நான் போய்ப் பூட்டு வாங்கினேன். சாத்தினாலே தானாக விழும் நாக்கு கொண்ட பூட்டு. அந்த நாக்கை உள்ளே நிறுத்திவைக்கும் பொத்தான் இல்லாத வகையாகவே தேடினேன். எனக்கு அவரைத் தெரியும். நானே பொருத்தி, ஒரு சாவியை அவரிடம் கொடுத்தேன். "நல்ல வேலை, தம்பி," என்று வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை மாலை கதவைத் தள்ளினேன், திறந்தது. குனிந்து பார்த்தால், பூட்டின் நாக்கை உள்ளே அழுத்தி, அதன் மேல் காயத்துக்குப் போடும் பிளாஸ்டரை மடித்து மடித்து ஒட்டியிருந்தது. ஓரங்கள் கத்தரிக்கோலால் ஒழுங்காக வெட்டப்பட்டிருந்தன.

"அக்கா, இது என்ன?"

"பிளாஸ்டர்."

"பூட்டுக்கு எதுக்கு பிளாஸ்டர்?"

"பாவம், புதுசு. நாக்கு வெளியில துருத்திக்கொண்டு நிண்டுது. காயம் பட்டிடும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் உரித்துப் போட்டேன். அடுத்த நாள் புதிய பிளாஸ்டர். உரித்தேன். அதற்கடுத்த நாளும். விமலா இதைப் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து அந்த ஹோம்ல இருக்கற கிழவங்களுக்குக் கட்டு போட ஒண்ணும் மிச்சம் வைக்க மாட்டீங்க," என்றாள். பிறகு ஒரு மாலை அவளே பொறுமை இழந்து படியில் நின்று கேட்டாள்: "அக்கா, ஆக்லாந்துல ஏதுக்கா கரடி? அப்படியே வந்தாலும் அது கதவைத் தட்டிட்டா வரும்?"

"கரடி தட்டாது, பிள்ளை," என்றார் அவர். "மனுசர்தான் தட்டுவினம்."

அவர் முகத்தைப் பார்த்து விமலா படியிறங்கிப் போனாள். நானும் பின்னால் போனேன். அவருடைய சமையலறையில் மூவரும் உட்கார்ந்தோம். நித்யா மேலே டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே கறுப்பு மையில் வைத்திருக்கிறேன்.

"நான் அங்கை போன முதல் வருசம். கதவு பூட்டக்கூடாது எண்டு எல்லாரும் சொன்னவை. ஓம் ஓம் எண்டு தலையாட்டிப்போட்டு, ஒவ்வொரு நாளும் வேலையால வந்து உள்ளுக்குப் பூட்டினன். யாழ்ப்பாணத்தில கடைசி ரெண்டு வருசம் நாங்கள் எப்பிடி இருந்தனாங்கள் எண்டு உங்களுக்குத் தெரியாது. கதவு தட்டினா லைற்றை நிப்பாட்டோணும். சத்தம் போடாம நிலத்தில இருக்கோணும். தட்டுறவை போகுமட்டும் மூச்சு விடக்கூடாது. அது எங்களுக்குப் பழகிப்போச்சு.

"கடல் உறைய முந்தின கிழமை. அங்கை பின்னேரமே இருட்டிடும். தேத்தண்ணி வைச்சுக்கொண்டு நிக்கிறன். கைப்பிடியை ஆரோ திருப்பிற சத்தம். பிறகு தட்டிச்சினம், ரெண்டு கையாலையும். கத்திச்சினமோ தெரியாது, காத்துச் சத்தம். நான் என்ன செய்தன் தெரியுமே? லைற்றை நிப்பாட்டினன். நிலத்தில இருந்தன். வாயைப் பொத்திக்கொண்டு இருந்தன். கொஞ்ச நேரத்தில தட்டுறது நிண்டுட்டுது. அப்பாடா, போயிட்டினம் எண்டு நினைச்சன்."

கோப்பையை மேசையில் வைத்தார்.

"வீடு வீடாத் தண்ணி கொண்டு வாற வண்டிக்காரர்தான் தட்டினது. அடுத்த வீட்டுக்கு ஓடியிருக்கிறார். போய்ச் சேர்ந்திட்டார். ஆனா அதுக்கு முன்னம் கரடி எட்டிப் பிடிச்சிட்டுது. தலைத்தோல் நெத்தியிலயிருந்து பின்னுக்கு உரிஞ்சு கிடந்தது. தைக்க ஆரைக் கூப்பிடுவினம்? நான்தானே நேர்ஸ். என்ரை கையாலதான் தைச்சன். அவர் கண்ணை முழிச்சு என்னைப் பாத்து, 'நீ வீட்டில இல்லை எண்டு நினைச்சன், சிஸ்டர்' எண்டார். நான் ஓம், வீட்டில இல்லை எண்டு சொன்னன்."

விமலா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் சுவரில் இருந்த லைட் சுவிட்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து பிளாஸ்டரைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆனால் இரண்டு வாரம் கழித்து, எங்களுக்கு அடுத்த வீட்டைப் பட்டப்பகலில் உடைத்தார்கள். அந்த வீட்டுப் பெண் உள்ளே காய்ச்சலில் படுத்திருந்தாள். திருடர்கள் படுக்கையறை வாசலில் நின்று அவளைப் பார்த்துவிட்டுப் போனார்களாம். விமலாவுக்கு அதன் பிறகு சரியாகத் தூக்கமில்லை. நான் அவரிடம் போனேன்.

"அக்கா, நீங்க உள்ளதானே இருக்கீங்க. நித்யா பெல் அடிச்சா எழுந்து வந்து திறக்கப்போறீங்க. கொஞ்ச நேரம்தானே?"

"அந்தக் கொஞ்ச நேரம் என்ரை இல்லை, தம்பி. வெளியில நிக்கிறவரின்ரை நேரம்."

எனக்குக் கோபம் வந்தது. அவர் பட்டது உண்மை, என் பயமும் உண்மை. இரண்டு பயத்துக்கும் சேர்த்து எங்களிடம் ஒரே ஒரு கதவுதான் இருந்தது. மறுநாள் காலை வேலைக்குப் போகும்போது பிளாஸ்டரை உரித்தேன். குப்பையில் போட்டால் தெரியும் என்று கோட்டுப் பையில் வைத்துக்கொண்டேன். நாக்கு விழும் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் நானும் விமலாவும் படியிறங்கினோம்.

அன்று பல்வலி. அரை நாள் விடுப்பு எடுத்து மருத்துவரிடம் போய்விட்டு, பள்ளி விடும் நேரத்துக்குப் பேருந்தில் இறங்கினேன். தூறல். தெருவின் கீழ்முனையிலிருந்து ஏறும்போது, தூரத்தில் நித்யாவின் மஞ்சள் மழைக்கோட்டு தெரிந்தது. எங்களுக்கு நாலு வீடு தள்ளி ஒரு மூலைவீடு உண்டு. அங்கே பழுப்பு நிறத்தில் கன்றுக்குட்டி அளவு நாய் ஒன்று எப்போதும் சங்கிலியில் கிடக்கும். நித்யா அந்த மூலைக்கு வந்தாள். நடைபாதையை விட்டு இறங்கினாள். தெருவின் நடுவுக்கு வந்து, அகலமாக வளைந்தாள்.

வளைவின் பாதியில் நின்றுவிட்டாள்.

நான் இன்னும் சில அடி ஏறியதும் எனக்கும் தெரிந்தது. வேலிப் பலகை ஒன்று விழுந்திருந்தது. நாய் நடைபாதையில், சுவரை ஒட்டி, எல்லாப் பிள்ளைகளும் திரும்பும் இடத்தில் நின்றது. கழுத்தில் அறுந்த சங்கிலி. குரைக்கவில்லை. குரைத்திருந்தால் நானும் கத்தியிருப்பேன். அது சத்தமில்லாமல் தலையைத் தாழ்த்திக்கொண்டு நின்றதில் என் நாக்கு ஒட்டிக்கொண்டது.

நித்யா ஓடவில்லை. முகத்தை அதன் பக்கம் வைத்தபடியே எங்கள் வீட்டுப் பக்கமாகப் பின்னால் அடி வைத்தாள். நாய் முன்னால் வந்தது. அவள் தோளிலிருந்து பையைக் கழற்றிக் கீழே போட்டாள். நாய் பையைக் கவ்வி உதறியது. சாப்பாட்டு டப்பா உருண்டது. அந்த இடைவெளியில் அவள் திரும்பி எங்கள் வீட்டை நோக்கி ஓடினாள்.

கதவை நோக்கி.

என் கை கோட்டுப் பைக்குள் போனது. பிளாஸ்டர் என் விரலில் ஒட்டிக்கொண்டது. அவள் ஓடுவதைப் பார்க்கிறேன். நாய் பையை விட்டுத் தலையை நிமிர்த்துவதைப் பார்க்கிறேன். எனக்கும் அவளுக்கும் நடுவில் நாய். அவள் படியில் ஏறுகிறாள். கதவைத் தள்ளக் கையை நீட்டுகிறாள். அந்தத் தெருவில் அப்போது அந்தக் கதவு பூட்டியிருக்கிறது என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

கதவு திறந்தது. மஞ்சள் கோட்டு உள்ளே போனது.

எப்படி என்று யோசிக்க நேரமில்லை. நாய் இப்போது என் பக்கம் திரும்பியிருந்தது. கதவில் அவர் வந்து நின்றார்.

"தம்பி, ஓடாதேங்கோ. அதைப் பாத்துக்கொண்டே மெல்ல வாங்கோ. கதவு திறந்துதான் கிடக்கு."

தெருவின் அந்தப் பக்கமாக வளைந்து வந்தேன். கடைசிப் படிகளை எப்படி ஏறினேன் என்று டயரியில் இல்லை. நுழைந்ததும் அவர் கதவைச் சாத்தினார். நாய் படியேறி வந்து கதவில் மோதியது. கதவு ஒரு விரல் அளவு உள்ளே வந்தது. நான் முதுகைக் கொடுத்து அழுத்தினேன். நாக்கின் மேல் புதிய பிளாஸ்டர், ஓரம் வெட்டி, ஒழுங்காக.

"அக்கா, அதை உரிங்க! உரிச்சா பூட்டிக்கும்!"

அவரும் என் பக்கத்தில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தார். நித்யா அவர் மடியில் முகத்தைப் புதைத்திருந்தாள். மறுபக்கம் நகம் பலகையைப் பிராண்டியது, எங்கள் முதுகெலும்பு வழியாகவே கேட்டது.

"விமலா இன்னும் வேலையால வரேல்லை," என்றார்.

அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. அன்று வேலையிலிருந்து சீக்கிரமே கிளம்புவதாகச் சொல்லியிருந்தாள், வரும் நேரம்தான். கீழிருந்து, சுவரை ஒட்டி, தலையைக் குனிந்து தூறலில் நடந்து வருவாள். காலையில் நாக்கு விழும் சத்தத்தை அவளும் கேட்டிருந்தாள். கதவு பூட்டியிருக்கிறது என்று நினைப்பாள்.

பிராண்டல் நின்றது. ஒரு சத்தமும் இல்லை. அது போய்விட்டதா, படியிலேயே படுத்திருக்கிறதா, தெரியவில்லை. நாங்கள் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

பிறகு கதவு தட்டப்பட்டது. இரண்டு கையாலும், படபடவென்று. கத்தல் ஏதோ கேட்டது, வார்த்தை புரியவில்லை.

அவர் கை சுவரில் ஏறியது. கூடத்தின் லைட் சுவிட்ச் அவர் தலைக்கு மேலேதான் இருந்தது. விரல் அதன் மேல் போய் நின்றதை நான் பார்த்தேன். இது நீல மை. கண் மூடியிருந்தது. மறு கை தன் வாயைப் பொத்தியிருந்தது. நான் முதுகைக் கதவிலேயே அழுத்திக்கொண்டிருந்தேன்.

அவர் சுவிட்சிலிருந்து கையை எடுத்தார். எழுந்து, என்னைக் காலால் ஓரமாகத் தள்ளி, கதவை முழுவதுமாகத் திறந்தார்.

விமலா உள்ளே விழுந்தாள். ஒரு செருப்பு இல்லை. அவளுக்குப் பின்னால், படியின் அடியில், நாய். நான் கதவைச் சாத்தப் பாய்ந்தேன். அவர் தோளால் என்னைத் தடுத்தார். கழுத்தை நீட்டித் தெருவின் மேல்பக்கம் பார்த்தார், கீழ்ப்பக்கம் பார்த்தார். நாய் முதல் படியில் கால் வைத்தது.

"வேற ஆரும் வெளியில நிக்கினமோ?"

"இல்லக்கா! எல்லாரும் வந்தாச்சு! சாத்துங்க!"

சாத்தினார். நான் பிளாஸ்டருக்குக் கையை நீட்டினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், நோயாளியின் கையைப் பிடிப்பது போல, அழுத்தமாக.

"இந்தத் தெருவில எல்லாரையும் உங்களுக்குத் தெரியுமோ, தம்பி?"

நான் கையை எடுத்தேன். நாலு பேரும் பூட்டாத கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தோம். நாய் மறுபடி மோதியது. விமலாதான் முதலில் காலை எதிர்ச்சுவரில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, கதவை அழுத்திப் பிடித்தாள்.